ஓடினால் தசை கரையுமா?

வாசகர் கேள்வி – பதில். இந்த இதழில்: கார்டியோவும் (ஓட்டம், சைக்கிள் போல் இதயத் துடிப்பை ஏற்றும் பயிற்சி) வெயிட் பயிற்சியும்

கேள்வி: வயது 31. இரண்டு வருடமாக வாரம் நான்கு நாள் வெயிட் போடுகிறேன். ரத்த அழுத்தம் எல்லைக் கோட்டில் இருப்பதால் கார்டியோவும் சேர்க்கச் சொன்னார் டாக்டர். ஜிம்மில் கேட்டால், "ஓட ஆரம்பிச்சா போட்ட தசையெல்லாம் போயிடும்" என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: டாக்டர் பேச்சை. ஆனால் ஜிம்மில் சொல்வதும் காற்றில் பிறந்ததில்லை.

அதன் வேர் 1980இல் வெளியான ஓர் ஆய்வில் இருக்கிறது. செய்தவர் ராபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்க உடலியல் ஆய்வாளர். அவரே வெயிட் தூக்குகிறவர். உடற்பயிற்சி ஆய்வாளர் ஜான் ஹோலோசியின் ஆய்வகத்தில் சேர்ந்து, அவரோடு ஓடப் போக ஆரம்பித்ததும் தன் தசை வற்றுவதைக் கவனித்தார்; பிறகு அதையே சோதனையாக்கினார். ஒரு குழுவுக்கு வாரம் 5 நாள் கால்களுக்குக் கனமான வெயிட். இன்னொன்றுக்கு வாரம் 6 நாள், நாளுக்கு 40 நிமிடம் கடுமையான சைக்கிளும் ஓட்டமும். மூன்றாவது குழு இரண்டையும் முழுதாகச் செய்தது. 10 வாரம். வெயிட் மட்டும் போட்டவர்களின் பலம் கடைசி வரை ஏறியது. இரண்டும் செய்தவர்களுக்கு ஏழாவது வாரம் வாக்கில் ஏற்றம் நின்றது. கடைசி இரண்டு வாரத்தில் இறங்கவே தொடங்கியது. மூச்சுத் திறன் மட்டும் குறையில்லாமல் வளர்ந்தது.

மூன்றாவது குழுவின் கணக்கைப் பாருங்கள்: ஒரே ஜோடிக் கால்களுக்கு வாரம் 11 கடும் பயிற்சி. அது தாங்காமல் போனதில் வியப்பில்லை. யாரும் உங்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. 2022இல் 43 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய ஒரு தொகுப்பாய்வு, கார்டியோவைச் சேர்ப்பதால் தசை அளவிலோ உச்ச பலத்திலோ பொருட்படுத்தும்படியான இழப்பில்லை என்றது. குறைந்தது வெடிப்பு வேகம் மட்டுமே, அதாவது குதிப்பது, சட்டென்று பாய்வது போன்றவை. அதுவும் இரண்டையும் ஒரே வேளையில் செய்தவர்களுக்குத்தான் அதிகம். தசை நார்களை நுண்ணோக்கியில் அளந்த ஆய்வுகளில் சிறு குறை தெரிகிறது, சைக்கிளைவிட ஓட்டத்தில் சற்றுக் கூடுதலாக.

கார்டியோவால் உடலுக்குள் 'ஏஎம்பிகே' என்ற நொதி விழித்தால் தசை வளர்க்கும் 'எம்டார்' அணைந்துவிடும் என்று ஸ்விட்ச் கதை ஒன்று சொல்வார்கள். அந்த நொதிகள் உண்மை. ஆனால் ஒரு மணி நேரம் சைக்கிள் மிதித்த மனிதனுக்கு அது அவ்வளவு சுத்தமாக நடப்பதில்லை. தசை போகிற வழி பெரும்பாலும் சாதாரணமானது: கார்டியோ கூடியது, சாப்பாடு கூடவில்லை, கால் களைத்துக் கிடக்கும்போதே ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது) போட்டு எடையைக் குறைத்துக்கொண்டது, நேரம் போதாமல் 'கால் நாள்' எனப்படும், காலுக்கு வெயிட் போடும் நாளையே விட்டுவிட்டது.

நீங்கள் செய்ய வேண்டியது: முதல் இரண்டு வாரம், வாரம் 2 முறை, 20 நிமிடம் மட்டும். சைக்கிள் அல்லது ஏறுசரிவில் நடை. வேகம், முழு வாக்கியம் பேச முடியும், பாட முடியாது என்ற அளவில். அந்த இரண்டு வாரமும் கால்களுக்குப் போடும் செட்டுகளில் (நடுவில் ஓய்வில்லாமல் செய்யும் ஒரு சுற்று ஒரு செட்) மூன்றில் ஒன்றைக் குறையுங்கள், எடையைக் குறைக்காதீர்கள். மூன்றாம் வாரம் செட்டுகள் பழையபடி. கார்டியோ வாரத்துக்கு 10 நிமிடம் ஏறட்டும். ரத்த அழுத்தம் எல்லையில் இருப்பதால், கனமான ரெப்பில் (எடையை ஒருமுறை தூக்கி இறக்குவது ஒரு ரெப்) மூச்சை அடக்கி வைத்துக்கொள்ள வேண்டாம், தள்ளும்போது விடுங்கள்.

ஒரு நோட்டில் மூன்று பயிற்சிகளின் எடையும் ரெப்பும் எழுதி வாருங்கள்: ஒரு கால் பயிற்சி, ஒரு தள்ளும் பயிற்சி, ஒரு இழுக்கும் பயிற்சி. அந்த எண்கள் நின்றால் தசையும் நிற்கிறது. ஏதாவது ஒன்று தொடர்ந்து மூன்று வாரம் இறங்கினால் ஏதோ தவறு. கால் மட்டும் இறங்கினால் கார்டியோ அதிகம். எல்லாமே இறங்கினால் சாப்பாடோ தூக்கமோ குறைவு. கண்ணாடியைவிட இது நம்பகமான சாட்சி.

கேள்வி: ஒரே நாளில் இரண்டும் செய்ய வேண்டியிருக்கிறது. எது முதலில்?

பதில்: தசையும் பலமும்தான் குறி என்றால் வெயிட் முதலில். 40 நிமிடம் ஓடிவிட்டு ஸ்குவாட் ரேக்குக்குப் போனால், வழக்கமாக 8 ரெப் வரும் எடையில் 6 வரும். அந்த நாளின் இரண்டு ரெப் பெரிய விஷயமில்லை. ஆறு மாதம் இப்படியே போனால் பெரிய விஷயம்.

முன்னால் 5 முதல் 8 நிமிடம் லேசாக மிதிப்பது வார்ம்-அப். அதைக் கார்டியோ என்று எண்ணிப் பயப்பட வேண்டாம். இடைவெளி விட முடிந்தால் குறைந்தது 6 மணி நேரம், நடுவில் ஒரு நல்ல சாப்பாடு. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்பது அதனால்தான் வேலை செய்கிறது. முடியாவிட்டால் மேல் உடம்பு நாளில் கார்டியோவை ஒட்டுங்கள். அன்று நெஞ்சும் முதுகும் களைத்திருக்கும், கால் களைத்திருக்காது. இரண்டும் ஒன்றையொன்று இடிக்காது.

ஓட்டப் பந்தயம்தான் குறி என்றால் வரிசை தலைகீழ்.

கேள்வி: ஓட்டம், சைக்கிள், ரோயிங், எலிப்டிகல்... தசைக்கு எது குறைந்த சேதம்?

பதில்: பொதுவாகச் சைக்கிளும் சரிவு நடையும். காரணம் தரையிறங்கும் அதிர்ச்சி. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கி நிறுத்துகிறது. இப்படி நீண்டுகொண்டே தாங்கும் வேலைதான் தசை நாரில் நுண்ணிய சேதத்தையும் இரண்டு நாள் வலியையும் தருவது. சைக்கிளில் அந்தக் கட்டம் ஏறக்குறைய இல்லை. மிதி கீழே போகும், தானே மேலே வரும்.

சைக்கிளில் கெடுவது பெரும்பாலும் சீட் உயரம். தாழ்வாக இருந்தால் முழங்கால் அதிகம் மடங்கி முன்பக்கம் வலிக்கும். உயரமாக இருந்தால் இடுப்பு இரு பக்கமும் ஆடும். சீட்டில் உட்கார்ந்து, மிதி அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்காலில் லேசான மடிப்பு தானாக வரும். அதுதான் அளவு.

டிரெட்மில்லில் மணிக்கு 5 கிலோமீட்டர், சரிவு 6 முதல் 10 சதவீதம் என்றால் பெரும்பாலோருக்கு இதயம் போதிய வேலை செய்யும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்து நடப்பவர்கள் சரிவை ரத்து செய்துவிடுகிறார்கள். திரை காட்டும் கலோரி அவர்களுக்குப் பொருந்தாது. (பிடிக்காதவர்களுக்கும் அந்த எண் பெரும்பாலும் தாராளமாகத்தான் இருக்கும்.)

ரோயிங் (துடுப்பு போடுவது போன்றது) நல்ல பயிற்சி, ஆனால் கீழ்முதுகைக் கேட்கும். டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது) நாளுக்கு முந்தின நாளும் மறுநாளும் தவிருங்கள். எலிப்டிகல் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை, பிடித்திருந்தால் செய்யுங்கள்.

ஓட்டம்தான் பிடிக்கும் என்றால் ஓடுங்கள். வாரம் 2 அல்லது 3 முறை, 20 முதல் 30 நிமிடம், கால் நாளுக்கு முந்தின நாள் மட்டும் வேண்டாம். நான்கைந்து வாரத்தில் கால் அந்த அதிர்ச்சிக்குப் பழகிவிடும். ஆரம்ப வாரங்களில் வரும் தொடை வலியைப் பார்த்து "தசை கரைகிறது" என்று முடிவு கட்டிவிடுவதுதான் பலர் செய்யும் தவறு.

கேள்வி: எனக்கு வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம்தான். ஓர் அட்டவணை தர முடியுமா?

பதில்: மூன்று நாள் வெயிட், இரண்டு நாள் கார்டியோ.

திங்கள்: ஸ்குவாட் 4 செட், 5 ரெப், செட்டுக்கு நடுவில் 3 நிமிட ஓய்வு. பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி எடையை மேலே தள்ளுவது) 3 செட், 6 முதல் 8. உட்கார்ந்து இழுக்கும் ரோ 3 செட், 8 முதல் 10. வார்ம்-அப்போடு 50 நிமிடத்தைத் தாண்டாது. முடித்ததும் வீட்டுக்குப் போகலாம், கார்டியோ கிடையாது.

செவ்வாய்: 50 நிமிடம் சைக்கிள், பேசக்கூடிய வேகம். நாடித் துடிப்புப் பட்டை இருந்தால் உச்சத் துடிப்பில் 60 முதல் 70 சதவீதம். உச்சத்தைக் கணக்கிட 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழியுங்கள். 40 வயதுக்கு 180 வரும், ஆக 108 முதல் 126. இது சராசரிக் கணக்கு. ஆளுக்கு ஆள் 10 துடிப்பு முன்பின் இருக்கும். பேச்சுக் கணக்கும் பட்டைக் கணக்கும் முரண்பட்டால் பேச்சை நம்புங்கள். முந்தின நாள் ஸ்குவாட்டால் இறுகிய காலுக்கு இந்த மிதி இதமாகவே இருக்கும்.

புதன்: தலைக்கு மேல் தள்ளும் பிரஸ் 3 செட், மேலிருந்து கம்பியை இழுக்கும் புல்டவுன் 3 செட், ஒரு காலை முன்வைத்துச் செய்யும் ஸ்பிளிட் ஸ்குவாட் 2 செட் மட்டும். கடைசியில் 15 நிமிடம் சரிவு நடை.

வியாழன் ஓய்வு.

வெள்ளி: ரோமானியன் டெட்லிஃப்ட் 3 செட், 8 ரெப். காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ் 2 செட், 10 முதல் 12. சாய்ந்த பெஞ்சில் டம்பெல் பிரஸ் 3 செட், டம்பெல் ரோ 3 செட்.

சனி: இன்டர்வல். 10 நிமிடம் லேசாக மிதித்து, பிறகு 4 நிமிடம் கடினம், 3 நிமிடம் மெதுவாக. மொத்தம் 4 சுற்று. கடினம் என்றால் இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பேச வராத அளவு, உச்சத் துடிப்பில் 85 முதல் 95 சதவீதம். முதல் சுற்றிலேயே முழு மூச்சையும் கொட்டிவிடுவார்கள். நான்காவது சுற்று முதல் சுற்றின் வேகத்திலேயே முடிந்தால்தான் அளவு சரி.

ஞாயிறு ஓய்வு. மனமிருந்தால் 40 நிமிடம் விறுவிறுவென நடை. அதையும் சேர்த்தால் உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன வாரம் 150 நிமிடக் கணக்கு நிறைந்துவிடும், கடும் நிமிடம் ஒன்று மிதமான இரண்டுக்குச் சமம் என்பதால்.

சனியின் இன்டர்வலுக்கும் திங்களின் ஸ்குவாட்டுக்கும் நடுவில் 48 மணி நேரம் இருப்பது தற்செயல் இல்லை. அட்டவணையை உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம். இந்த இடைவெளியை மட்டும் மாற்றாதீர்கள். எல்லா வெயிட் செட்டையும் "இன்னும் 2 ரெப் வரும்" என்ற இடத்தில் நிறுத்துங்கள். கார்டியோவும் இருக்கும் வாரத்தில் ஒவ்வொரு செட்டையும் கை கால் நடுங்கும் வரை கொண்டுபோனால் மீட்சிக்கு இடமே இருக்காது.

கேள்வி: ஆறு வாரத்தில் 78 கிலோவிலிருந்து 72க்கு வந்துவிட்டேன். தினமும் 7 கிலோமீட்டர் ஓட்டம். ஆனால் பெஞ்ச் பிரஸ் 70 கிலோவில் 8 ரெப்பாக இருந்தது 62.5இல் 6 ஆகிவிட்டது. "கட்டிங்" (கொழுப்பைக் குறைக்கும்) காலம் என்பதால் எடை குறைத்து 20 ரெப் போடுகிறேன். புரதம் நாளுக்கு 60 கிராம் இருக்கும். எங்கே தவறு?

பதில்: நான்கு இடத்தில். ஓட்டம் மட்டுமே காரணமில்லை.

முதலாவது வேகம். வாரம் 1 கிலோ என்பது உங்கள் எடையில் 1.3 சதவீதம். வெயிட் போடுகிறவர் 0.5 முதல் 1 சதவீதத்துக்குள் நிற்பது நல்லது. ஏற்கெனவே ஒல்லியாக இருந்தால் 0.5 பக்கம். ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய 7,700 கலோரி என்று வைத்தால் நாளுக்கு 1,100 கலோரி பற்றாக்குறையில் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். இப்போதைய எடைக்கு வாரம் அரை கிலோ, அதாவது நாளுக்கு 550 போதும்.

அந்த வித்தியாசத்தை எப்படி மீட்பது? ஓட்டத்தில் கிலோ எடைக்கு, கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1 கலோரி செலவு. 72 கிலோ, 7 கிலோமீட்டர் என்றால் 500. வாரம் ஏழு ஓட்டத்தை மூன்றாகக் குறைத்தால் 2,000 கலோரி, நாளுக்குச் சுமார் 285 மிச்சம். இன்னொரு 250ஐச் சாப்பாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதி உழைப்பிலிருந்தும் பாதி தட்டிலிருந்தும் வந்துவிட்டது.

இரண்டாவது புரதம். 60 கிராம் என்பது கிலோவுக்கு 0.8. சும்மா இருப்பவருக்கு அது குறைந்தபட்சம். எடை குறைத்துக்கொண்டே தசையையும் காக்க நினைப்பவருக்குப் போதாது. கிலோவுக்கு 1.8 முதல் 2.2 கிராம், உங்களுக்கு 130 முதல் 160. நான்கு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 32 முதல் 40 கிராம். 2016இல் வந்த கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு இதற்கு நல்ல சான்று. 40 இளைஞர்கள், 4 வாரம், தேவையில் 40 சதவீதம் குறைத்த சாப்பாடு, வாரம் 6 நாள் வெயிட்டும் இன்டர்வலும். கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் சாப்பிட்டவர்களுக்குக் கொழுப்பு 4.8 கிலோ குறைந்து, கொழுப்பற்ற எடை 1.2 கிலோ கூடியது. 1.2 கிராம் சாப்பிட்டவர்களுக்கு 3.5 கிலோ கொழுப்பு போனது. கொழுப்பற்ற எடை அப்படியே நின்றது. கார்டியோ இரண்டு குழுவுக்கும் ஒன்றே என்பதைக் கவனியுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தை ஏற்றக் கூடாது.

மூன்றாவது அந்த 20 ரெப் பழக்கம். எடை குறைக்கும் காலத்தில் தசையைத் தக்கவைப்பது அதை வளர்த்த அதே கனம்தான். "எடை குறைத்து ரெப் கூட்டினால் தசை செதுக்கினாற்போல் வரும்" என்பது ஜிம்களில் சாகாத நம்பிக்கை. செதுக்குவது பற்றாக்குறை, ரெப் அல்ல. மீட்சி போதவில்லை என்றால் செட்டைக் குறையுங்கள், கனத்தைக் காப்பாற்றுங்கள். 4 செட் 2 ஆகலாம். 70 கிலோ 50 ஆகக் கூடாது. இப்போது 62.5இலிருந்து தொடங்கி, வாரம் ஒரு ரெப் கூட்டி, 8 வந்ததும் 2.5 கிலோ ஏற்றுங்கள். பயிற்சிக்கு இரண்டு மணி நேரம் முன்பு 70 கிராம் அளவு மாவுச்சத்து இருந்தால் கடைசிச் செட்டில் வித்தியாசம் தெரியும்.

நான்காவதை நீங்கள் எழுதவில்லை, கேட்டாக வேண்டும்: எவ்வளவு நேரம் தூங்குகிறீர்கள்? 2010இல் வந்த சிறிய ஆய்வு ஒன்றில் ஒரே அளவு குறைத்த சாப்பாட்டில், 8.5 மணி நேரம் படுக்கையில் இருந்தபோதும் 5.5 மணி நேரம் இருந்தபோதும் குறைந்த எடை ஏறக்குறைய ஒன்றே. ஆனால் குறைந்த தூக்கத்தில் போன கொழுப்பு பாதிக்கும் கீழே. மீதி தசை உள்ளிட்ட பகுதியிலிருந்து போனது. விடியற்காலை ஓட்டத்துக்காக ஐந்து மணி நேரத் தூக்கத்தோடு எழுபவர் அந்த ஓட்டத்தை விடுவதே லாபம்.

கேள்வி: வெறும் வயிற்றில் கார்டியோ செய்தால் கொழுப்பு வேகமாகக் கரையுமாமே? தசையும் போகுமா?

பதில்: இரண்டும் மிகை. அந்த ஒரு மணி நேரத்தில் எரிவதில் கொழுப்பின் பங்கு கூடும். நாள் முழுக்கப் பார்த்தால் உடல் அதைச் சரிக்கட்டிவிடும். 2014இல் 20 இளம்பெண்களை வைத்து 4 வாரம் சோதித்தபோது, சாப்பிட்டுவிட்டுச் செய்தவர்களுக்கும் சாப்பிடாமல் செய்தவர்களுக்கும் கொழுப்பு இழப்பில் வித்தியாசம் இல்லை. 30, 40 நிமிட மெதுவான நடைக்கு வெறும் வயிறு பரவாயில்லை. கடும் இன்டர்வலுக்கும் வெயிட்டுக்கும் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் தாமாக இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

கேள்வி: மெதுவான கார்டியோ தசையைத் தின்னும், இன்டர்வல் தசையைக் காக்கும் என்கிறார்களே? ஸ்பிரிண்டர்களின் கால்களைப் பாருங்கள் என்று படம் வேறு காட்டுகிறார்கள்.

பதில்: அந்தக் கால்கள் ஸ்குவாட் ரேக்கிலும் பிறவி வாகிலும் வந்தவை. படத்தில் அது தெரியாது.

இன்டர்வலின் லாபம் நேரம், விலை களைப்பு. கால்களைப் பொறுத்தவரை ஒரு நல்ல இன்டர்வல் நாள் கிட்டத்தட்ட இன்னொரு கால் நாள். வாரம் ஒன்று நல்லது, இரண்டு உச்சம். மீதியெல்லாம் மெதுவாக. பலர் மாட்டிக்கொள்வது நடுவில்: எல்லாக் கார்டியோவும் மூச்சு வாங்கும், ஆனால் முழு வேகமும் இல்லாத அரைக்கடினத்தில். களைப்பு இன்டர்வல் அளவுக்கு, பலன் மெது நடை அளவுக்கு. மெதுவான நாளில் கூச்சப்படாமல் மெதுவாகப் போங்கள்.

கேள்வி: நான்கு மாதத்தில் அரை மாரத்தான் ஓடப் போகிறேன். அதுவரை வெயிட்டை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள், சுருக்குங்கள். தசையைக் கட்டுவதற்கு ஆகும் வேலையில் சிறு பங்கு போதும், அதை வைத்திருக்க. 2011இல் வந்த ஓர் ஆய்வில் 16 வாரம், வாரம் 3 நாள், மூன்று கால் பயிற்சிகள், ஒவ்வொன்றும் 3 செட் போட்டார்கள்: வாரம் 27 செட். பிறகு ஒரு குழுவுக்கு அதை ஒன்பதில் ஒன்றாக்கினார்கள்: வாரம் ஒரே நாள், பயிற்சிக்கு ஒரே செட். 20 முதல் 35 வயதுக்காரர்களுக்கு 32 வாரம் ஆகியும் தசை அளவு இறங்கவில்லை. கனத்தைக் குறைக்கவில்லை என்பதுதான் சூட்சுமம். 60 தாண்டியவர்களுக்குப் பலம் நின்றது, அளவு நிற்கவில்லை.

அவர்கள் கூடவே நீண்ட ஓட்டம் ஓடவில்லை. அதனால் நீங்கள் ஒரு பங்கு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்: வாரம் 2 நாள், 30 நிமிடம், ஸ்குவாட் அல்லது லெக் பிரஸ், டெட்லிஃப்ட் வகையில் ஒன்று, தள்ளுவது ஒன்று, இழுப்பது ஒன்று, கெண்டைக்கால் ஒன்று. தலா 2 செட், 5 முதல் 8 ரெப். இதை மெது ஓட்ட நாளில் வைக்காமல், கடும் ஓட்டம் உள்ள அதே நாளில், ஓடி 6 மணி நேரம் கழித்து வையுங்கள். கடினத்தை ஒரே நாளில் குவித்தால்தான் மெதுவான நாள் உண்மையிலேயே மெதுவாக இருக்கும். நீண்ட ஓட்டத்துக்கு முந்தின நாள் கால் வெயிட் கூடாது. பந்தயத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில் செட்டுகளைப் பாதியாக்கி, கடைசி 6 நாள் கால் வெயிட்டை விட்டுவிடுங்கள். ஓடும் தூரம் ஏற ஏற மாவுச்சத்தும் ஏற வேண்டும். தூரம் இரட்டித்து, தட்டு அப்படியே இருந்தால் எந்த அட்டவணையும் தசையைக் காக்காது.

கேள்வி: எனக்கு 62 வயது, 60 கிலோ. பத்து வருடமாகத் தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன், ஒரு நாள் விடமாட்டேன். ஆனாலும் தொடை மெலிந்துகொண்டே போகிறது. நடை அதிகமாகிவிட்டதா?

பதில்: இல்லை ஐயா, நடை போதவில்லை. போதாதது நேரம் அல்ல, கனம். வயதாக ஆக முதலில் சுருங்குவது வேக நார்கள். அவை சமதரை நடைக்கு விழிப்பதே இல்லை. சட்டென எழ, தடுக்கினால் கால் ஊன்றிச் சமாளிக்கத்தான் அவை தேவை.

நடையை 40 நிமிடமாக்கி, வாரம் 3 நாள் மிச்ச நேரத்தை இதற்குக் கொடுங்கள். கை இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுங்கள். எழுவது விரைவாக, உட்காருவது மூன்று எண்ணி மெதுவாக. 8 முறை, 2 நிமிட ஓய்வு, 3 சுற்று. 12 முறை சுலபமாக வரத் தொடங்கினால் நெஞ்சோடு 2 கிலோ எடையை அணைத்துக்கொள்ளுங்கள். பிறகு 4, பிறகு 6. சுவரில் கை வைத்துக் குதிகால் தூக்குவது 3 சுற்று, 12 முறை. ரப்பர் பட்டையை இழுக்கும் பயிற்சி 2 சுற்று. கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருந்தால்தான் கணக்கில் சேரும். எழும்போது மூச்சை விடுங்கள். நெஞ்சில் அழுத்தமோ தலைசுற்றலோ வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

சாப்பாட்டிலும் ஒன்று. இளையவருக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 0.25 கிராம் புரதம் தசையைத் தூண்டிவிடும். உங்கள் வயதில் 0.4 தேவைப்படுகிறது. உங்களுக்கு வேளைக்கு 24, 25 கிராம். காலையில் பெயருக்கு ஏதோ சாப்பிட்டு இரவில் சேர்த்துச் சாப்பிடுவதைவிட மூன்று வேளையும் இந்த அளவு வருவது மேல்.

கேள்வி: வயது 26, எடை 52 கிலோ, கொழுப்பு 20 சதவீதம். வாரம் ஆறு நாள் வெயிட்டும் ஓட்டமும், 1,500 கலோரி சாப்பாடு. வாட்ச் பயிற்சிக்கு 500 கலோரி காட்டுகிறது. மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை. கடும் பயிற்சியில் இது சகஜம் என்கிறாள் தோழி. தசையும் ஏறவில்லை.

பதில்: சகஜமாக நடக்கிறது, சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பம், தைராய்டு போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று அவர் உறுதி செய்ய வேண்டும்.

உங்கள் எண்களே ஒரு காரணத்தைச் சொல்கின்றன. கொழுப்பு போக உங்கள் எடை 41.6 கிலோ. 1,500இல் பயிற்சிக்கு 500 போனால் மிச்சம் 1,000. அந்த 41.6இல் கிலோவுக்கு 24 கலோரி. 30க்குக் கீழே போனால் உடல் ஹார்மோன்களைச் சுருக்கத் தொடங்கும் ஆபத்து கூடும். 45 இருந்தால் நிம்மதி. அதற்கு நீங்கள் சாப்பிட வேண்டியது சுமார் 2,370. உள்ளே வருவதே போதாத உடல் புதுத் தசையில் முதலீடு செய்யாது. எலும்பின் அடர்த்தியும் இதில் குறையும், அது திரும்பி வருவது சுலபமில்லை. மருத்துவரைப் பார்க்கும்வரை ஓட்டத்தை நிறுத்துங்கள், வெயிட்டை வாரம் 3 நாளாக்குங்கள், சாப்பாட்டை வாரத்துக்கு 200, 300 கலோரி வீதம் ஏற்றுங்கள். எடை கொஞ்சம் ஏறும். ஏறட்டும்.

கேள்வி: பிசிஏஏ, கிரியேட்டின் வாங்கலாமா?

பதில்: பிசிஏஏ (புரதத்தில் உள்ள மூன்று அமினோ அமிலங்களின் பொடி) வேண்டாம், புரதம் போதிய அளவு சாப்பிடுபவருக்கு அதில் புதிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. கிரியேட்டின் மோனோஹைட்ரேட் வாங்கலாம், நாளுக்கு 3 முதல் 5 கிராம், எந்த நேரத்திலும். முதல் வாரங்களில் ஒரு கிலோ வரை எடை ஏறுவது தசைக்குள் சேரும் நீர். ரத்தப் பரிசோதனைக்குப் போனால் கிரியேட்டின் எடுப்பதைச் சொல்லிவிடுங்கள். சிறுநீரகத்தின் வேலையைப் பார்க்க அளக்கும் கிரியேட்டினின் அளவு சற்றுக் கூடிக் காட்டும்.

கேள்வி: கார்டியோ சேர்த்த முதல் வாரத்திலேயே உடல் கொழுப்பு காட்டும் தராசு "தசை 1.2 கிலோ குறைவு" என்கிறது. கையும் தொங்கினாற்போல் இருக்கிறது. நிறுத்திவிடட்டுமா?

பதில்: நிறுத்த வேண்டியது தராசில் தினமும் ஏறுவதை. அது பாதத்தின் வழியே மெல்லிய மின்சாரம் செலுத்தி, உடலில் எவ்வளவு நீர் என்று கணித்து, அதிலிருந்து தசையை ஊகிக்கிறது. தசையில் சேமித்த மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு வாரக் கார்டியோவில் 300 கிராம் மாவுச்சத்து காலியானால் 900 கிராம் நீரும் போகும்: சரியாக உங்கள் 1.2 கிலோ. கை தட்டையாகத் தெரிவதும் அதனால்தான். இரண்டு நாள் மாவுச்சத்தைச் சற்றுக் கூட்டிப் பாருங்கள், பெரும்பகுதி திரும்பிவிடும்.

தராசை வைத்துக்கொள்ள விரும்பினால் வாரம் மூன்று நாள், காலையில், கழிவறை போய்வந்து, எதுவும் குடிக்குமுன் ஏறி, எடையை மட்டும் எழுதி மாதச் சராசரி பாருங்கள். இடுப்புக்கு ஒரு டேப், தொடைக்கு ஒரு டேப், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, முழங்காலுக்கு மேல் ஒரே உயரத்தில். இடுப்பு இறங்கி, தொடை நின்று, ஸ்குவாட் எடையும் நின்றால் அந்தத் திரையில் தசை என்று வரும் எண்ணை ஸ்டிக்கர் ஒட்டி மறைத்துவிடலாம்.